குறியீடு சாதிச் சான்றிதழ் ஆகாது

உமிழ்நீரைக் குப்பியில் அடைத்து அனுப்பினால் பூர்வீகத்தைக் கண்டறிந்து தருவதாக விளம்பரம் செய்யும் மரபணுப் பரிசோதனை நிறுவனங்கள் தரும் அறிக்கைகளில் ‘ஹேப்லோகுரூப்’ என்ற தலைப்பின் கீழ் ஓர் எழுத்தும் சில எண்களும் இடம்பெறுகின்றன. அந்தக் குறியீட்டை வைத்துச் சாதியின் தொன்மையையும் மண்ணின் உரிமையையும் நிறுவ முனைவது அறிவியலுக்குப் புறம்பானது மட்டுமல்ல, சமூகத்துக்கும் கேடானது.

ஒய் குரோமோசோம் தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டுமே செல்கிறது. செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவின் டிஎன்ஏ தாயிடமிருந்து எல்லாப் பிள்ளைகளுக்கும் வந்தாலும், அடுத்த தலைமுறைக்கு மகள்கள் வழியாகவே இறங்குகிறது. ஒய் குரோமோசோமின் பெரும்பகுதியும் மைட்டோகாண்ட்ரியாவின் டிஎன்ஏவும் பிற மரபணுக்களைப் போல ஒவ்வொரு தலைமுறையிலும் கலைத்து அடுக்கப்படுவதில்லை என்பதால், படியெடுக்கும்போது எப்போதோ நேர்ந்த ஓர் எழுத்துப் பிழை வழிவழியாகத் தங்கிவிடுகிறது. அப்படி ஒரே பிழையைச் சுமந்து, ஒரே ஆதித் தந்தையிடமோ தாயிடமோ போய்ச் சேரும் மரபுவழித் தொகுதியே ஹேப்லோகுரூப் எனப்படுகிறது.

தமிழ்நாட்டுக்கு இதில் நேரடி அனுபவம் உண்டு. மதுரை காமராசர் பல்கலைக்கழகப் பேராசிரியர் பிச்சப்பனின் குழுவினரும் அமெரிக்க மரபியலாளர் ஸ்பென்சர் வெல்ஸும் இணைந்து செய்த ஆய்வில், மதுரைப் பகுதியின் ஜோதிமாணிக்கம் கிராமத்து ஆண் ஒருவரிடம் ‘எம் 130’ என்ற அடையாளம் கண்டறியப்பட்டது. ஒய் குரோமோசோமின் குறிப்பிட்ட ஓர் இடத்தில் ‘சி’ என்ற வேதியெழுத்துக்குப் பதிலாக ‘டி’ இருப்பதே அந்த அடையாளம். ஆப்பிரிக்காவிலிருந்து வெளியேறிய மனிதர்கள் தென்னிந்தியா வழியாக ஆஸ்திரேலியாவுக்குச் சென்றதற்கு அதை ஒரு தடயமாக ஆய்வாளர்கள் முன்வைத்தனர். செய்தி ஊடகங்களோ அவரை ‘முதல் இந்தியர்’ ஆக்கின; அவருடைய சாதியே முதற்குடி என்ற பேச்சும் கூடவே கிளம்பியது. அதே எம் 130 மரபின் கிளைகள் மங்கோலியரிடமும் ஆஸ்திரேலியப் பழங்குடியினரிடமும் இருப்பது அந்தப் பேச்சுக்குத் தோதாக இல்லாததால் பலர் காதிலும் விழவில்லை.

ஒரு சாதி முழுவதும் ஒரே தந்தைவழி மரபைக் கொண்டிருக்க முடியாது என்பதற்கு ஆய்வுக்கூடச் சான்றுகூடத் தேவையில்லை. தமிழரின் உறவுமுறையே போதும். பங்காளிகள் ஒரே ஒய் குரோமோசோமைப் பகிர்பவர்கள். மாமன் மச்சான் உறவில் வருபவர்கள் வேறு வழியினர். பங்காளி வீட்டில் பெண் எடுக்காமல் வேறு கூட்டத்திலோ வகையறாவிலோ எடுக்க வேண்டும் என்று விதித்திருக்கும் எந்தச் சமூகமும், பல தந்தைவழிகளின் தொகுப்பாகவே இருந்தாக வேண்டும். அதேபோல், ஒரு ஹேப்லோகுரூப் ஒரே சாதிக்கு உரியதும் அல்ல: வட இந்தியப் பிராமணரிடம் மிகுந்து காணப்படும் ஆர்1ஏ என்ற குழு ஆந்திரத்தின் செஞ்சு பழங்குடியினரிடமும் உள்ளதை 2003இல் வெளியான ஆய்வு காட்டியது.

பத்துத் தலைமுறை பின்னே சென்றால் ஒருவருக்கு 1,024 மூதாதையர் இடங்கள் உள்ளன. ஹேப்லோகுரூப் பேசுவது அவற்றுள் அதிகபட்சம் இரண்டைப் பற்றி மட்டுமே. தாய்வழித் தாத்தாவின் ஒய் குரோமோசோம் பேரனிடம் இருப்பதில்லை என்பதற்காக அவர் மூதாதையர் அல்லர் என்று எவரும் சொல்வதில்லை. முழு மரபணுத் தொகுதியையும் நோக்கிய ஆய்வுகளோ வேறு கதை சொல்கின்றன: 2013இல் வெளியான ஆய்வின்படி, இன்றைய இந்தியச் சமூகங்களின் மூதாதையர் ஏறத்தாழ 4,200 முதல் 1,900 ஆண்டுகளுக்கு முன்புவரை பரவலாகக் கலந்தனர், அகமண வழக்கம் இறுகியது அதன் பிறகுதான்.

எனவே ஒவ்வொரு அறிக்கையிலும், அக்குறியீடு மூதாதையரில் எத்தனை பேரைக் குறிக்கிறது என்பதை அச்சிடுவதும், ஹேப்லோகுரூப்பைச் சாதிப் பெயரோடு இணைத்து விற்பதைக் கைவிடுவதும் நிறுவனங்களுக்குக் கட்டாயமாக்கப்பட வேண்டும். இதில் தனியுரிமைச் சிக்கலும் உண்டு. ஒருவர் தம் பரிசோதனை முடிவை வெளியிடும்போது, ஒப்புதலே தராத பங்காளிகள் அனைவரின் தந்தைவழியும் வெளியாகிவிடுகிறது. ‘23அண்ட்மீ’ என்ற மரபணுப் பரிசோதனை நிறுவனத்தின் ஏறத்தாழ 69 லட்சம் பயனர்களின் தகவல்கள் 2023இல் கசிந்ததும், அந்நிறுவனம் 2025 மார்ச்சில் திவால் பாதுகாப்பு கோரியதும் இத்தரவுகளின் கதி என்னவாகலாம் என்பதைக் காட்டிவிட்டன. இந்தியாவில் 2019ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்பு மசோதா மரபணுத் தரவையும் சாதி விவரத்தையும் கூடுதல் பாதுகாப்புக்குரியவை என்று தனியே வகைப்படுத்தியிருந்தது. 2023இல் நிறைவேறிய சட்டத்தில் அந்த வகைப்பாடே நீக்கப்பட்டுவிட்டது. அதை ஒன்றிய அரசு சட்டத் திருத்தத்தின் வழியே மீண்டும் சேர்க்க வேண்டும்.