அனுப்பும் முன் டாக்டர் படிக்கட்டும்

மாமல்லபுரம் பக்கம் கிளினிக் நடத்தும் குடும்ப டாக்டருக்கு இரவிலும் வாட்ஸ்அப் ஓயாது. சர்க்கரை அளவு, காய்ச்சல் குழந்தையின் வீடியோ, தீர்ந்துபோன பிரஷர் மாத்திரை அட்டையின் படம். இவற்றைத் தரம் பிரிக்கவும் பதில் வரைவு எழுதவும் செயற்கை நுண்ணறிவு வருவதை முழுமனதோடு வரவேற்கிறேன். ஒருநாள் கூலியை விட்டுச் செங்கல்பட்டு அரசு மருத்துவமனைக்கு பஸ் ஏற வேண்டியவருக்கு, இன்றே போக வேண்டுமா என்று சீக்கிரம் தெரிவதே பெரிய உதவி. ஆனால் டாக்டர் படிக்காமல் எந்தப் பதிலும் போகக் கூடாது. மத்திய அரசின் 2020 டெலிமெடிசின் வழிகாட்டுதலும், இத்தகைய மென்பொருள் டாக்டருக்குத் துணை நிற்கலாம், நோயாளிக்குத் தானே ஆலோசனை சொல்லவோ மருந்து எழுதவோ கூடாது என்கிறது. ஜிபிடி-4 என்ற செயற்கை நுண்ணறிவு எழுதிய பதில் வரைவுகளைப் புற்றுநோய் மருத்துவர்கள் மதிப்பிட்ட அமெரிக்க ஆய்வு ஒன்று 2024-ல் லான்செட் டிஜிட்டல் ஹெல்த் இதழில் வந்தது. திருத்தாமல் அனுப்பினால் கடும் தீங்கு நேரலாம் என்று சுமார் 7 சதவீத மதிப்பீடுகள் கூறின. நிலைமையின் அவசரத்தைச் சரியாகக் கணிக்காததே முக்கியக் கோளாறு. உதாரணமாக, 'ரெண்டு மாசமா இருமல், டானிக் சொல்லுங்க டாக்டர்' என்று ஒருவர் அனுப்புகிறார். அவர் இருபது வருடமாகக் கருங்கல் செதுக்கும் சிற்பி என்பது செய்தியில் இல்லை, டாக்டருக்குத் தெரியும். கல்தூசி நுரையீரலில் படிந்து சிலிக்கோசிஸ் வரலாம், காசநோயும் சேரலாம். அவருக்குத் தேவை எக்ஸ்ரேயும் சளிப் பரிசோதனையும். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் என்று வரும் செய்திகளோ வரைவுக்கே காத்திருக்கக் கூடாது: டாக்டரின் போன் உடனே அடிக்க வேண்டும், 108-ஐ அழைக்கச் சொல்லி டாக்டர் முன்பே எழுதி வைத்த தகவல் நோயாளிக்கு அந்த நொடியே போக வேண்டும்.