கொல்லுறதுக்குப் பேர் முகாமைத்துவமா?

2022 ஏப்ரலில் உபுண்டு 22.04 வெளிவந்தது. கொஞ்ச நாளிலேயே பாவனையாளர்களிடமிருந்து ஒரே மாதிரி முறைப்பாடுகள்: வேலை செய்துகொண்டிருக்கேக்க குரோம் திடீரென்று காணாமல் போகுது. எச்சரிக்கை இல்லை, பிழைச்செய்தி இல்லை. திறந்து வச்சிருந்த அத்தனை தாவல்களும் ஒரே நொடியில் போச்சு. வைரஸ் ஒன்றுமில்லை. நினைவகத்தைக் காக்கவென்று அந்தப் பதிப்பில் புதிதாகச் சேர்த்த சிஸ்டம்டி-ஊம்டி என்ற நிரல்தான் கொன்றது.

இதைக் கதைச்சால் கணினி தெரிந்த அண்ணாமார் ஒரே பதில்தான் வச்சிருப்பினம்: "தம்பி, மெமரி காணாது, கூட்டிப் போடு." இந்தப் பதிலோடதான் எனக்குச் சண்டை.

நினைவகம் நிரம்பினால் லினக்ஸ் கேர்னல் எடுத்த எடுப்பில் கொல்லாது. முதலில் மீட்கப் பார்க்கும். கோப்பிலிருந்து வாசித்த பக்கங்களுக்கு வட்டில் பிரதி இருக்கு, அதால அவற்றை அப்படியே கைவிடலாம், வேண்டுமென்றால் திரும்ப வாசிக்கலாம். நிரல் தானே உருவாக்கின தரவுக்குப் பிரதி கிடையாது, அதை ஸ்வப்பில்தான் போட்டு வைக்கலாம். கனநேரமாக யாரும் தொடாத பக்கம் எது என்று தேடித்தான் கைவைக்கும்.

இதைக் குழு குழுவாகவும் செய்யலாம். கூகுள் பொறியியலாளர்கள் 2006 இல் தொடங்கி, 2008 இல் கேர்னலுக்குள் வந்தது சிகுரூப். 2016 இல் வந்த அதன் இரண்டாம் பதிப்பைப் பாருங்கோ. ஒரு குழுவுக்கு "லோ" என்று ஓர் அளவு குறிக்கலாம். அதுக்குக் கீழே இருக்கும்வரை, வேறெங்கும் கிடைக்காட்டித்தான் அந்தக் குழுவில் கைவைப்பார்கள். "மின்" என்றால் கைவைக்கவே கூடாது. "ஹை" அளவைத் தாண்டினால் குழு மெதுவாக்கப்படும், அதனிடமிருந்தே பக்கங்கள் பிடுங்கப்படும், ஆனால் உயிர் போகாது. "மக்ஸ்" ஒன்றில்தான் கொலை. அதுவும் மீட்க ஒன்றும் மிஞ்சாதபோது.

நாலில் மூன்று கொல்லாத கருவிகள்! ஆனால் கேர்னலின் இயல்புநிலையில் லோவும் மின்னும் பூச்சியம், ஹைக்கும் மக்ஸுக்கும் எல்லையே இல்லை. யாராவது உட்கார்ந்து எண் போட்டால்தான் வேலை செய்யும். பெரிய சேவையகங்களுக்கு அப்படி எண் போடச் சம்பளத்துக்கு ஆள் இருக்கு. உங்கட மடிக்கணினிக்கு யார் இருக்கினம்?

உபுண்டுவில் நடந்தது என்ன? நினைவகமும் ஸ்வப்பும் இரண்டும் 90 வீதத்தைத் தாண்டினால், ஸ்வப்பை அதிகம் பிடித்திருக்கிற குழுவைக் கொல் என்பது விதி. இயல்பாக நிறுவினால் அப்போது கிடைத்த ஸ்வப் 1 ஜிபிதான். அது நிரம்பப் பெரிய வேலை ஒன்றும் தேவையில்லை. தொடாத பக்கங்கள் ஸ்வப்பில் கிடப்பது குற்றமும் இல்லை, ஸ்வப் இருப்பதே அதுக்குத்தான். இதைவிடக் கொடுமை, இழப்பே இல்லாமல் கைவிடக்கூடிய கோப்புப் பக்கங்களையும் "பாவிக்கப்பட்ட நினைவகம்" என்று அந்த நிரல் கணக்குப் பார்த்தது. மீட்க இடம் இருக்கேக்கயே கொன்றிருக்கு! பிறகு அந்தக் கணக்கைத் திருத்தினார்கள். உபுண்டுவும் ஸ்வப் விதியைக் கழற்றிவிட்டது. அண்ணாமார் கூட்டிப் போடச் சொன்ன மெமரியில் பிழை இருக்கவில்லை.

தனியொரு செயன்முறையைக் கொல்லாமல் முழுக்குழுவையும் ஏன் கொல்லுது? அதுக்கு நியாயம் இருக்கு. ஒரு சேவையின் பாதியைக் கொன்றால் மிச்சப் பாதி பேயாக அலையும். ஆனால் உலாவி அப்படியில்லை. முதலில் பலி கொடுக்கக்கூடியவை தன் தாவல்கள்தான் என்று குரோமே கேர்னலுக்குக் குறித்து வச்சிருக்கு. கேர்னலின் பழைய கொலைகாரன் வந்திருந்தால் பெரும்பாலும் ஒரு தாவலோடு போயிருப்பான். புதியவன் வீட்டையே கொளுத்திவிட்டுப் போனான்.

பழையவனும் நல்லவன் இல்லை. எல்லாம் உறைந்து, மவுஸ்கூட அசையாமல் நிமிடக்கணக்கில் கிடந்த பிறகுதான் வருவான். அதால முந்திக்கொள்ள ஒருவன் தேவைதான். ஊம்டியின் மற்ற விதி அந்தவகையில் சரியான கேள்வியைக் கேட்குது. 2018 இல் கேர்னலுக்கு வந்த அழுத்த அளவீட்டை அது பாவிக்குது: நினைவகத்துக்காகக் காத்திருந்தே எவ்வளவு நேரம் வீணாகுது? இயல்புநிலையில் 30 செக்கனுக்கு 60 வீதத்தைத் தாண்டினால்தான் கைவைக்கும். எவ்வளவு நிரம்பியிருக்கு என்பதைவிட, ஆள் எவ்வளவு கஷ்டப்படுறான் என்பதுதானே முக்கியம்.

அதுவும் கடைசிப் படியாக இருக்கவேணும். முதலில் திரைமுகப்புக்கு லோ, பிறகு உலாவிக்கு ஹை, அதுக்குப் பிறகு "இதை மூடட்டா?" என்று ஒரு கேள்வி. இதைக்கூட இயல்பாகச் செய்து தராமல் 4 ஜிபிக்காரனைப் பார்த்து "கூட்டிப் போடு" என்பது எங்கட பொக்கற்றில் கைவைக்கிற வேலை.

லினக்ஸ் வச்சிருக்கிறவர்கள் அதுவரைக்கும் காத்திருக்கத் தேவையில்லை. புரொக் அடைவுக்குள்ளே பிரெஷர், அதுக்குள்ளே மெமரி என்றொரு கோப்பு இருக்கும். கணினி இழுக்கேக்க திறந்து பாருங்கோ. எண்கள் ஏறியிருந்தால், அடுத்தமுறை உலாவியை சிஸ்டம்டி-ரன் கட்டளையால் மெமரிஹை 2 ஜிபி என்று கொடுத்துத் திறவுங்கோ. மெதுவாகும், ஆனால் எழுதிக்கொண்டிருந்தது இருக்கும்.