மரைன் பயாலஜி படிச்சா வேலை கிடைக்குமா?

"மரைன் பயாலஜி படிக்கப் போறேன்" என்று பிள்ளை சொன்னதும் நம்மில் பல வீடுகளில் வரும் முதல் கேள்வி, "படிச்சிட்டு?" கேள்வி நியாயமானதுதான். பதில் மட்டும் நாம் நினைப்பது போல இல்லை.

ஆஷா டி வோஸை எடுத்துக்கோங்க. இலங்கையில் வளர்ந்தவர். செயின்ட் ஆண்ட்ரூஸில் இளங்கலை, ஆக்ஸ்ஃபோர்டில் முதுகலை, ஆஸ்திரேலியாவில் பிஎச்.டி. எழுதிப் பார்த்தால் நேர்கோடு. நடுவில் ஒரு ஆராய்ச்சிக் கப்பலில் இடம் கேட்டு மாசக்கணக்கில் மெயில் அனுப்பியதும் உண்டு. அந்தக் கப்பலில் இருந்தபோது, 2003-ல், இலங்கைக் கடலில் நீலத் திமிங்கலங்களுக்குப் பக்கத்தில் கழிவு சிவப்பாக மிதப்பதைப் பார்த்தார். குளிர்ந்த கடலில் சாப்பிட்டுவிட்டு, குட்டி போடத்தான் வெப்பக் கடலுக்கு வரும் என்பது பாடப்புத்தகக் கதை. கழிவு இருந்தால் இங்கேயே சாப்பிடுகின்றன என்று அர்த்தம்!

அதே இடத்தில்தான் உலகின் நெரிசலான கப்பல் பாதைகளில் ஒன்று. பெரிய கப்பல் மோதினால் திமிங்கலம் பிழைப்பது கஷ்டம். அவரும் வேறு பல குழுக்களும் வருஷக்கணக்கில் எண்ணி, வரைபடம் போட்டு, எடுத்துச் சொன்னார்கள். 2022-ல் எம்எஸ்சி என்ற பெரிய கப்பல் நிறுவனம் தன் பாதையைச் சுமார் 15 கடல் மைல் தெற்கே தள்ளிக்கொண்டது.

இந்த வேலையில் டைவிங் கொஞ்சம்தான். பெரும்பகுதி புள்ளியியல், ஆர் அல்லது பைத்தானில் கோடிங், கப்பல்களின் இருப்பிட டேட்டா. என் ஆபீஸ் மேஜையில் நடப்பதிலிருந்து ரொம்ப தூரம் இல்லை (ஜன்னல்தான் வேற). அதனால் பிள்ளையிடம் டால்பின் பிடிக்குமான்னு கேட்காதீங்க, கணக்கு பிடிக்குமான்னு கேளுங்க.

சம்பளம் ஐடி அளவுக்கு வராது. பிஎச்.டி. முடித்த பிறகும் ஒரு வருஷம், இரண்டு வருஷம் என்று ஒப்பந்தம், அடுத்த நிதி வருமா என்ற கவலை. இதைப் பிள்ளையிடம் மறைக்க வேண்டாம். ஆனால் கணக்கும் கோடிங்கும் கையில் இருந்தால் மீன்வளத் துறை, துறைமுகங்களுக்கும் கடல் காற்றாலைகளுக்கும் சுற்றுச்சூழல் ஆய்வு செய்யும் கம்பெனிகள் என்று வேறு கதவுகளும் உண்டு.

இன்னொன்று. வெளிநாட்டிலிருந்து வந்து, டேட்டா எடுத்துக்கொண்டு, உள்ளூர்க்காரர்களைச் சேர்க்காமல் போய்விடுவதை 'பாராசூட் சயின்ஸ்' என்று ஆஷா கண்டிக்கிறார். நம் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். 2022-ல் தமிழ்நாடு அரசு பாக் விரிகுடாவில் கடற்பசுவுக்காக 448 சதுர கிலோமீட்டர் பாதுகாப்பகம் அறிவித்தது. அந்தக் கடலை தினமும் பார்ப்பவர் மீனவர். அவரோடு மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் உட்கார்ந்து பேச, சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு மட்டும் போதாதுதான். அதுக்காக அதை இப்போ நிறுத்திடாதீங்க.