காட்டுப்பள்ளிப் பையனுக்கு பி.சி.ஏ. மட்டும் போதுமா?

பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்தில் எங்கள் பக்கம் எந்தத் தெருவில் நின்றாலும் ஒரே பேச்சுதான். "தம்பி, பி.சி.ஏ. போடு. இல்லேன்னா பி.எஸ்சி. ஐ.டி. போடு. கம்ப்யூட்டர் தெரிஞ்சா எங்கயாவது பொழைச்சுக்கலாம்." பி.காம். என்று சொன்னால்கூட, "கம்ப்யூட்டர் அப்ளிகேஷனோட சேர்ந்த பி.காம். கிடைக்கலையா?" என்று ஒரு பரிதாபப் பார்வை :-) சொல்கிறவர்கள் நம் நல்லதுக்குத்தான் சொல்கிறார்கள். அதில் சந்தேகமில்லை.

ஆனால் அதே ஆட்களிடம் சர்வதேச உறவுகள், அதாவது இன்டர்நேஷனல் ஸ்டடீஸ் என்று ஒரு படிப்பு இருக்கிறது என்று சொல்லிப் பாருங்கள். "அதெல்லாம் டெல்லியில பெரிய இடத்துப் பிள்ளைங்க படிக்கிறது. நமக்கு எதுக்கு?" என்பார்கள்.

நமக்கு எதுக்கு? இந்தக் கேள்விக்குத்தான் பதில் சொல்லப் போகிறேன். நம்மைப் போன்ற துறைமுகத்து ஊர்க்காரனுக்கு ஐ.டி.யும் சர்வதேச உறவுகளும் ஒன்றாகச் சேர்ந்த இளங்கலைப் படிப்புதான் வேண்டும் என்பது என் கட்சி. இரண்டில் ஒன்று மட்டும் என்றால் அது பாதிப் படிப்பு.

முதலில் நம் ஊரைப் பாருங்கள். சென்னைத் துறைமுகம், 2001-ல் இயங்கத் தொடங்கிய எண்ணூர் காமராஜர் துறைமுகம், காட்டுப்பள்ளித் துறைமுகம் என்று ஒரே கடற்கரையில் மூன்று. மீஞ்சூர் சாலையில் ஒரு கண்டெய்னர் ட்ரெய்லர் நம்மைக் கடக்கிறது என்றால், அதற்குள் இருக்கும் சரக்குக்கு எச்.எஸ். கோடு என்று ஒரு எண் உண்டு. அதன் முதல் 6 இலக்கம் உலகம் முழுக்க ஒன்றே. 1988 முதல் நடைமுறையில் இருக்கும் சர்வதேச ஒப்பந்தம் அது. நம் நாட்டில் இன்னும் 2 இலக்கம் சேர்த்து 8 ஆக்கி, சுங்கத்துறையின் 'ஐஸ்கேட்' தளத்தில் பதிகிறார்கள். கம்ப்யூட்டரில் எண்ணைத் தட்டுவது ஐ.டி. அந்த எண் எங்கிருந்து வந்தது, அதற்கு ஏன் இவ்வளவு வரி என்பது சர்வதேச உறவுகள். தட்டத் தெரிந்தவன் டேட்டா என்ட்ரி ஆபரேட்டர். இரண்டும் தெரிந்தவன்தான் ஒருநாள் அந்த ஆபீசை நடத்துவான்.

இப்போது கொஞ்சம் பெரிய உதாரணம். 2017 ஜூன் 27-ம் தேதி 'நாட்பெட்யா' என்ற நாசகார மென்பொருள் பரவியது. அது கிளம்பிய இடம் உக்ரைன். பரவிய வழிதான் என்னைப் போன்ற காமர்ஸ்காரனுக்குச் சுவாரஸ்யம்: அங்கே கம்பெனிகள் வரிக்கணக்கு தாக்கல் செய்யப் பயன்படுத்திய ஒரு கணக்கு மென்பொருளின் அப்டேட். நம்ம ஊர் டேலி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். அதன் வழியாக டென்மார்க்கின் மெர்ஸ்க் கப்பல் கம்பெனி முடங்கியது. நம் மும்பை ஜவாஹர்லால் நேரு துறைமுகத்தில் அவர்கள் குழுமம் நடத்திய முனையத்திலும் வேலை நின்றது. சுமார் 4,000 சர்வர்களையும் 45,000 கம்ப்யூட்டர்களையும் பத்தே நாளில் புதிதாக நிறுவ வேண்டியிருந்தது என்று பின்னால் மெர்ஸ்க் தலைவரே சொன்னார். இதைச் செய்தது ரஷ்ய ராணுவம் என்று 2018-ல் அமெரிக்காவும் பிரிட்டனும் குற்றம் சாட்டின. ரஷ்யா மறுத்தது.

இதை ஐ.டி. வகுப்பில் நடத்தினால் 'பேட்ச் போடு, பேக்கப் எடு' என்பதோடு முடிந்துவிடும். சர்வதேச உறவுகள் வகுப்பில் நடத்தினால் உக்ரைன், ரஷ்யா என்று போய்விடும். ஆனால் மும்பையில் லாரி ஏன் நின்றது என்று முழுசாகச் சொல்ல இரண்டு வாத்தியாரும் ஒரே வகுப்புக்கு வரவேண்டும்.

"மும்பை கதை நமக்கு எதுக்கு?" என்பவர்களுக்கு மணலி கதை இருக்கிறது. தென் கொரியாவிலிருந்து வந்த சுமார் 700 டன் அம்மோனியம் நைட்ரேட்டை 2015-ல் சுங்கத்துறை பறிமுதல் செய்தது. அது 37 கண்டெய்னர்களில் மணலியில் ஒரு சரக்குப் பெட்டக நிலையத்தில் ஐந்து வருடம் கிடந்தது. அக்கம்பக்கத்துச் சனங்களுக்கு இது எப்போது தெரிந்தது? 2020 ஆகஸ்ட் 4-ம் தேதி லெபனானின் பெய்ரூட் துறைமுகத்தில் 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட் வெடித்து 200-க்கும் மேற்பட்டவர்கள் செத்த பிறகு. அதுவும் ஜார்ஜியாவிலிருந்து மொசாம்பிக் போக வேண்டிய சரக்கு. பாதி வழியில் கைவிடப்பட்டது. பெய்ரூட்டில் வெடித்த பிறகுதான் மணலிச் சரக்கு அந்த மாதமே ஐதராபாத்துக்குக் கிளம்பியது. எங்கேயோ நடப்பதைப் படித்துவிட்டு, நம் பேட்டையில் என்ன கிடக்கிறது என்று கேட்கத் தெரிந்த பத்துப் பிள்ளைகள் முன்னாலேயே இருந்திருந்தால் அந்தக் கேள்வி ஐந்து வருடம் காத்திருக்குமா?

2017 ஜனவரி 28-ம் தேதி காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டதும் ஞாபகம் இருக்கும். ஒன்று ஐல் ஆஃப் மேன் கொடி, இன்னொன்று நம் கொடி. எர்ணாவூர் கரையில் எண்ணெயை வாளியால் அள்ளினார்கள். நஷ்டஈடு யார் தரவேண்டும்? கப்பல் எரிபொருள் எண்ணெயால் வரும் மாசுக்கென்றே 2001-ல் ஒரு சர்வதேச ஒப்பந்தம் இருக்கிறது. மீனவர் வீட்டுப் பிள்ளை அதைப் படித்திருந்தால் மனு எழுத யாரையும் தேடிப் போகவேண்டாம்.

2022 ஆகஸ்டில் அமெரிக்கக் கடற்படையின் 'சார்லஸ் ட்ரூ' பழுதுபார்க்க வந்தது எங்கே? நம் காட்டுப்பள்ளி எல் அண்ட் டி தளத்துக்கு. அமெரிக்கக் கடற்படைக் கப்பல் ஒன்று ரிப்பேருக்காக இந்தியா வந்தது அதுவே முதல் முறை. உலக அரசியல் நம் ஊர் வாசலில் வந்து நிற்கிறது. நாம் மட்டும் அதைப் பாடமாகப் படிக்க டெல்லி போகவேண்டுமாம்!

டெல்லியில் இந்தத் துறைக்கு 1955-லேயே தனிப் பள்ளி தொடங்கி, 1970-ல் ஜே.என்.யூ.வோடு சேர்த்துவிட்டார்கள். 2008-ல் வந்த இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகத்தின் தலைமையகம் நம் சென்னையில்தான் இருக்கிறது, ஆனால் ஈ.சி.ஆர். உத்தண்டியில். துறைமுகம் மூன்றும் வடக்கே, பல்கலைக்கழகம் தெற்கே. நடுவில் மொத்த சென்னையும் :-)

சரி, வேலை கிடைக்குமா? நியாயமான கேள்வி. சர்வதேச உறவுகள் மட்டும் மூன்று வருடம் படித்தால் நம்மைப் போன்ற வீடுகளுக்குக் கஷ்டம்தான். கடன் வாங்கிப் படிக்கிறவனிடம் 'உலக அறிவு' என்று சொல்லி ஏமாற்றக்கூடாது. அதனால்தான் சேர்த்துக் கேட்கிறேன். சோறு போட ஐ.டி. இருக்கட்டும். எங்கே நிற்கிறோம் என்று தெரிய இது இருக்கட்டும்.

இதற்குப் புதுக் கல்லூரி கட்ட வேண்டியதில்லை. நம் கல்லூரிகளில் முக்கியப் பாடத்துக்கு வெளியே படிக்கும் விருப்பப் பாடங்கள் ஏற்கெனவே உண்டு. பெரும்பாலும் அது கடமைக்கு எழுதும் பேப்பர். பொன்னேரி, திருவொற்றியூர் அரசுக் கல்லூரிகளில் மட்டுமாவது அதைத் துறைமுகத்தையும் உலகத்தையும் பற்றிய பாடமாக மாற்றலாம். 2022-ல் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்தில் சுங்க ஆவணம், கப்பல் சரக்கு மென்பொருள் இரண்டையும் சேர்த்துக் கற்றுத்தரலாம். நன்றாக ஓடினால் பிறகு முழு டிகிரி ஆக்கலாம்.

அடுத்த வருடம் பிளஸ் டூ முடிக்கும் தம்பி, தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. பி.சி.ஏ. எடுங்கள், தப்பே இல்லை. ஆனால் கல்லூரியில் சேரும்போது, "இந்த கம்ப்யூட்டர் எந்த நாட்டோட எதுக்குப் பேசுதுன்னு யார் சார் சொல்லித் தருவாங்க?" என்றும் கேளுங்கள். நிறையப் பேர் கேட்டால் ஒருநாள் வாத்தியார் போடுவார்கள்.