ஒன்னே முக்கால் கிலோ நாற்காலி

போன வாரம் நண்பர் ஒருத்தரோட எக்ஸ்போர்ட் ஆபீசுக்குப் போயிருந்தேன். ரிசப்ஷன்ல கறுப்பு கலர்ல ஒல்லிப்பிச்சானா ஒரு நாற்காலி. உக்காரப் போனவனை, "அட, அதுல வேண்டாங்க... அது கலெக்ஷன்"னு தடுத்துட்டாரு. (உக்கார விடாத நாற்காலியை எதுக்குங்க ரிசப்ஷன்ல போடோணும்?)

அப்புறம் பெருமையா ஆரம்பிச்சாரு. பேரு சூப்பர்லெஜரா. மிலான்காரர் ஜியோ பொன்டி வடிவமைச்சு, 1957ல காசினா கம்பெனி விற்பனைக்கு விட்டது. மொத்த எடையே 1.7 கிலோ. காலெல்லாம் முக்கோணமா செதுக்கி 18 மில்லிமீட்டர்தான். இன்னைக்கும் புதுசா செஞ்சு வித்துட்டுத்தான் இருக்காங்க. ஆனா இவருக்குப் பழசுதான் வேணுமாம். விலையைச் சொன்னாரு. நான் இங்க எழுதலை, எங்க வீட்டுலயும் இந்தப் பதிவைப் படிக்கிறாங்க :)

எனக்கு அந்த நாற்காலி மேல கோவம் இல்லீங்க. சொல்லப்போனா பொன்டி மேல மரியாதைதான். அவர் ஒன்னும் வானத்துல இருந்து புடிச்சுட்டு வரலை. கியாவரின்னு ஒரு கடலோர ஊர்ல 1800கள்ல இருந்தே ஆசாரிமாருங்க லேசான நாற்காலி செஞ்சுட்டு இருந்தாங்க. அதை எடுத்து, இன்னும் எங்க சதையைக் குறைக்கலாம்னு வருசக்கணக்கா மெனக்கெட்டாரு. சீட்டு கூட நம்ம பிரம்புப் பின்னல்தான்.

பிரம்புன்னதும் அப்பா வேலை பார்த்த பனியன் கம்பெனி ஞாபகம் வந்துருச்சு. மொதலாளி ரூம்ல தேக்குல, பிரம்பு பின்னின நாற்காலி ரெண்டு இருக்கும். கட்டிங் மாஸ்டரான எங்கப்பா போனஸ், கூலி பேசறதெல்லாம் அதுக்கு முன்னாடி நின்னுதான். கம்பெனியை மூடறப்ப, "வேணும்னா எடுத்துட்டுப் போ மாஸ்டர்"னு சொல்லியிருக்காரு மொதலாளி. அப்பா வேண்டாம்னு வந்துட்டாரு. ஒடஞ்ச டேபிள், பலகையோட சேர்ந்து அதுவும் டிராக்டர்ல ஏறி, ஒரு சாயப்பட்டறை பாய்லருக்கு விறகாப் போச்சு.

1978ல வெரோனாங்கிற இத்தாலி வியாபாரி மும்பைக்காரங்க மூலமா வெள்ளை டி-ஷர்ட் தேடி இங்க வந்ததுல இருந்துதான் நம்ம ஊரு எக்ஸ்போர்ட் கதையையே ஆரம்பிப்பாங்க. வந்தவங்களை நாம உக்கார வெச்சது இந்த மாதிரி நாற்காலியிலதானே? அதுல ஒன்னையாவது எடுத்து வெச்சிருக்கமா?

சண்டிகர்லயும் இதே கூத்துதான். பியர் ஜான்னரே காலத்துல அரசு ஆபீசுங்களுக்குன்னு செஞ்ச தேக்கு நாற்காலிகளை ஒடசல்னு குவிச்சுப் போட்டு, ஏலத்துல தள்ளி விட்டாங்க. வெளிநாட்டு ஏலத்துல அதுவே லட்சக்கணக்குல போனதுக்கப்புறம்தான் முழிப்பு வந்து, 2011ல உள்துறை அமைச்சகம் தடை போட்டுச்சு. 2019ல அதே காசினா, ஜான்னரே பேரைச் சொல்லி அந்தப் பாணி நாற்காலிகளைச் செய்ய ஆரம்பிச்சுட்டாங்க. இனி அதையும் நம்மாளுங்க இத்தாலியில இருந்து இறக்குமதி பண்ணுவாங்க, பாருங்க.

நண்பர்கிட்ட ஒன்னுதான் கேட்டேன். "உள்ள பவர்டேபிள்ல டெய்லருங்க முதுகு சாய வழியில்லாத ஸ்டூல்ல உக்காந்திருக்காங்களே, இந்த ஒரு நாற்காலி காசுல ஒரு லைனுக்கே நல்ல சேர் போட்டிருக்கலாமே?" சிரிச்சாரு. "ஆர்டர் வரட்டும், பார்க்கலாங்க."

வீட்டுக்கு வந்து அப்பாகிட்ட, அந்த நாற்காலியை ஏன் எடுத்துட்டு வரலைன்னு கேட்டேன். டிவியில இருந்து கண்ணை எடுக்காம சொன்னாரு. "அதுல உக்காந்து எனக்குப் பழக்கமில்லையே."