ஆங்கிலம் பழகுவோம்: எண்ணுவதா, அளப்பதா?



போரில் இடம்பெயர்ந்து இப்போது பல்லேகலயில் வசிக்கும் ஓர் அக்கா, தான் இழந்தவற்றை ஆங்கிலத்தில் பட்டியலிட்டு என்னிடம் கொண்டுவந்தார். "றைஸ் 4, பேர்னிச்சர்ஸ் 6, ஜுவலறிஸ் 3" என்று எழுதியிருந்தார்.

"நாலு மூட்டையோ அக்கா, நாலு கிலோவோ?"

"மூட்டை, தங்கச்சி."

"அப்ப அதை எழுதத்தானே வேணும்."

அரச அலுவலகத்துக்கென்றால் தமிழிலேயே எழுதலாம். 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. இந்தப் பட்டியலோ வெளிநாட்டுத் தொண்டு நிறுவனம் ஒன்றுக்குப் போகவேண்டியது.

ஆங்கிலப் பெயர்ச்சொற்களில் எண்ணக்கூடியவை உண்டு, எண்ணமுடியாதவையும் உண்டு. கதிரை, ஆடு, முட்டை எண்ணக்கூடியவை. ஒரு கதிரை 'எ செயார்', இரண்டு என்றால் 'டூ செயார்ஸ்'. அரிசி, சீனி, பால் எண்ணமுடியாதவை. இவற்றுக்கு முன்னால் 'எ' வராது, பின்னால் 'ஸ்' வராது. நாமும் கடையில் "நாலு அரிசி தாங்கோ" என்று கேட்பதில்லையே! நாலு சுண்டு, நாலு கிலோ என்று அளவைச் சேர்த்துத்தான் கேட்கிறோம். ஆங்கிலத்திலும் அப்படியே: 'ஃபோ பேக்ஸ் ஒவ் றைஸ்'.

நாம் தடுமாறுவது வேறோர் இடத்தில். தளபாடங்கள், நகைகள், தகவல்கள், ஆலோசனைகள் என்று தமிழில் பன்மையில் சொல்கிறோம். ஆங்கிலத்தில் பேர்னிச்சர், ஜுவலறி, இன்போமேஷன், அட்வைஸ் ஆகிய நான்கும் எண்ணமுடியாத சொற்கள். 'ஸ்' சேர்க்கக்கூடாது. எண்ணிக்கை வேண்டுமானால் 'சிக்ஸ் பீசஸ் ஒவ் பேர்னிச்சர்' என்று எழுதலாம். அதைவிட நல்லது, பொருளின் பெயரையே எழுதுவது: 'டூ பெட்ஸ், ஃபோ செயார்ஸ்'. இழந்தது என்ன என்பது வாசிப்பவருக்கு உடனே விளங்கும்.

காசை நாம் எண்ணினாலும் 'மனி' எண்ணமுடியாத சொல்தான். எண்ணுவது ரூபாயை: 'டென் ருபீஸ்'. எவ்வளவு என்று கேட்க 'ஹவ் மச்', எத்தனை என்று கேட்க 'ஹவ் மெனி'.

பல்லேகல கைத்தொழில் வலயத்தில் வேலை தேடும் பிள்ளைகளுக்கும் ஒரு குறிப்பு. 'ஐ நீட் எ வேர்க்' என்பது பிழை. 'வேர்க்' எண்ணமுடியாதது. 'ஐ நீட் எ ஜொப்' என்று சொல்லுங்கள்.

அக்கா அங்கேயே இருந்து பட்டியலைத் திருத்தி எழுதினார். நாலு மூட்டை அரிசி, இரண்டு கட்டில், நாலு கதிரை, இரண்டு காப்பு, ஒரு சங்கிலி. எல்லாவற்றுக்கும் கீழே மகனின் பெயரையும் எழுதினார். "அவனையும் எழுதத்தானே வேணும்" என்றார். அந்த வரியில் எண்ணிக்கை இருக்கவில்லை. திருத்தவும் ஒன்றும் இருக்கவில்லை.

உங்கள் குசினியிலுள்ள பத்துப் பொருட்களை எழுதி, எவை எண்ணக்கூடியவை, எவை அளக்கவேண்டியவை என்று பிரித்துப் பாருங்கள். பிள்ளைகளையும் பக்கத்தில் இருத்திக்கொள்ளுங்கள். அடுத்த மாதம் சந்திப்போம்.