அப்பம்மாவின் கல்லறை எங்கே?

யோர்தானைக் கடந்த இஸ்ரயேலர், ஆற்றின் நடுவிலிருந்து பன்னிரு கற்களை எடுத்துக் கில்காலில் நாட்டினர். பிற்காலத்தில் பிள்ளைகள் இக்கற்களைக் கண்டு பொருள் கேட்கும்போது, பெற்றோர் நடந்ததை அவர்களுக்குச் சொல்லவேண்டும் என்றார் யோசுவா (யோசு 4). பிள்ளைகள் கேட்பார்கள் என்பது அன்றே தெரிந்திருந்தது.

அண்மையில் என் பள்ளித்தோழன் ஒருவன் தன் இரு பிள்ளைகளுடன் கனடாவிலிருந்து வந்திருந்தான். மூத்தவளுக்குப் பத்து வயது, இளையவனுக்கு ஏழு. நாங்கள் இருவரும் பிறந்து வளர்ந்த வட்டக்கச்சிக்கு நானும் உடன்சென்றேன். பிள்ளைகளின் முன்னிலையில் என்னை "ஃபாதர்" என்று மரியாதையாக அழைத்து வந்தவன், வாய்க்காலைக் கண்டதும் தன்னை மறந்து "மச்சான்" என்றான்.

இரணைமடுக் குளத்து நீரை நம்பி, 1950களில் காடு வெட்டிக் குடியேற்றப்பட்ட ஊர் அது. வயலையும் வாய்க்காலையும் தோழன் பெருமையோடு காட்டினான். நீந்திய கதையில் தன்னையே வீரனாக்கிக்கொண்டான். நான் திருத்தினேன். பழைய நண்பன் உடனிருந்தால் நினைவு அதிகம் பொய் சொல்ல முடியாது.

அவனுடைய வளவில் வீடு இல்லை. கிணற்றுக்கட்டு மட்டும் எஞ்சியிருந்தது. அங்கேதான் மூத்தவள் கேட்டாள்: "அப்பம்மாவின் கல்லறை எங்கே அப்பா? பூ வைக்கவேண்டும்."

தோழன் என்னைப் பார்த்தான். அப்பம்மா நோயுற்று இறந்தார் என்றே பிள்ளைகளுக்குச் சொல்லியிருந்தான். உண்மை வேறு. 2009 ஜனவரி 2ஆம் நாள் கிளிநொச்சி நகர் இராணுவத்தின் வசமானது. வட்டக்கச்சி மக்களும் அங்கே தஞ்சம் புகுந்திருந்தோரும் தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு எனக் கிழக்கு நோக்கி நகர்ந்தனர். மே மாதம் போர் முடிந்தபோது, எஞ்சியோரிற் பெரும்பாலோர் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமின் முட்கம்பிகளுக்குள் இருந்தனர். அம்முகாம் மூடப்பட்டது 2012 செப்டெம்பரில். அந்த நெடும்பயணத்தில் எறிகணைக்குப் பலியானவர்களுள் தோழனின் தாயும் ஒருவர். பதுங்குகுழியே அவருக்குப் புதைகுழியாயிற்று. பின்னர் சென்று தேடியும் இடத்தை அடையாளம் காண முடியவில்லை.

"அப்பம்மா விண்ணகத்தில் இருக்கிறார்" என்ற மறுமொழி என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அது நமது விசுவாசம். ஆயினும், கல்லறை எங்கே என்று கேட்ட குழந்தைக்கு அதை மட்டும் சொல்லியிருந்தால், விசுவாசத்தைக் கொண்டே உண்மையை மறைத்தவனாகியிருப்பேன். குருக்களாகிய நாங்கள் இதை அடிக்கடி செய்துவிடுகிறோமோ என அஞ்சுகிறேன்.

அன்பார்ந்தவர்களே, ஊர் திரும்பும் நம் குடும்பங்களிற் சிலர் பிள்ளைகளுக்கு மாம்பழத்தையும் கோயில் திருவிழாவையும் மட்டுமே காட்டுகின்றனர். வேறு சிலர், முகமறியாத மக்கள்மீது வெறுப்பையும் கதையோடு சேர்த்து ஊட்டிவிடுகின்றனர். திருவிவிலியம் இரண்டிற்கும் இடங்கொடுக்கவில்லை. பாஸ்கா உணவில் கசப்புக் கீரை உண்டு (விப 12). அவ்வழிபாட்டின் பொருளைக் கேட்பவர்களும் பிள்ளைகளே. அக்கசப்பை ஆண்டுதோறும் சுவைத்த மக்களுக்குத்தான், எகிப்தியரை வெறுக்கலாகாது, அவர்கள் நாட்டில் நீங்கள் அந்நியராய் வாழ்ந்தீர்கள் என்ற சட்டமும் தரப்பட்டது (இச 23). தங்கள் ஆண்குழந்தைகளை நைல் நதியில் எறியச் சொன்ன நாட்டைக் குறித்து அப்படி ஒரு சட்டம்! வாசிக்கும்போதெல்லாம் எனக்கு அது கடினமாகவே இருக்கிறது.

தோழன் கிணற்றுக்கட்டில் அமர்ந்து, பிள்ளைகளை அருகில் இருத்திச் சொன்னான். கொடூரத்தை வருணிக்கவில்லை, நடந்ததை மறைக்கவுமில்லை. குழியை யார் மூடினார்கள் என்று இளையவன் கேட்டான். அயலவர்கள் என்றான். தான் அவ்வேளை ரொறன்ரோவில் இருந்ததையும், தொலைபேசியின் அருகிலேயே உறங்கியதையும் சொன்னான். தந்தை அழுவதை அப்பிள்ளைகள் அன்றுதான் முதன்முறையாகக் கண்டனர்.

மாலையில் சேமக்காலைக்குச் சென்றோம். இறந்த விசுவாசிகள் அனைவரையும் நினைவுகூரும் நவம்பர் 2ஆம் நாளில், கல்லறை இல்லாத உறவுகளுக்காக நம்மவர்கள் மெழுகுதிரி ஏற்றுவது அங்குள்ள பெரிய சிலுவையடியில்தான். பூவை அங்கே வைத்தோம். நான் செபத்தைத் தொடங்குமுன், மூத்தவள் தந்தையின் கையைப் பற்றி, அப்பம்மாவின் முழுப்பெயர் என்னவென்று கேட்டாள்.